பத்து விரல்களுக்கும் நன்றி

என் அக்கா புருஷன் விடியற்காலையில் எழுந்ததே கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சபை முழுக்க அவரை விடியலின் குரல் என்று நம்பிக்கொண்டிருந்தது.

தினமும் காலை ஐந்து மணிக்குச் சபையின் கைபேசிக் குழுவில் அவருடைய தியானம் வந்து விழும். "அன்பானவர்களே, இந்த அதிகாலையின் அமைதியில் உங்களோடு பேச வாஞ்சிக்கிறேன்" என்று ஆரம்பிப்பார். வாஞ்சிப்பது எல்லாம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, நான் வேலை செய்யும் ஸ்டுடியோவுக்கு வந்து, ஏசியைக் கூட்டி வைக்கச் சொல்லி, ஒரே மூச்சில் அந்த மாதத்துக்கான எல்லா அதிகாலைகளையும் பேசி முடித்துவிடுவார். நடுநடுவே ஏப்பம் வரும். அதை வெட்டுவது என் வேலை.

நான் ஒலியை வெட்டி ஒட்டுகிறவள். ஜவுளிக்கடை விளம்பரம், தண்ணீர் வராத நாளுக்கான அறிவிப்பு, காணாமல் போன நாய், எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். அத்தானின் தியானத்துக்குக் கூலி கிடையாது. அக்காவின் முகத்துக்காகச் செய்தேன். "அதிகாலைன்னு தெரியணும்மா, பின்னாடி ரெண்டு குருவி போடு" என்று அவர் கேட்டபோது, இலவசமாகக் கிடைத்த ஒரு பறவைச் சத்தத்தை இறக்கிப் போட்டேன். வருஷக்கணக்காக அதே பறவைகள்தான். அதில் ஒரு குயில் தினமும் ஒரே இடத்தில், அவர் தொண்டையைச் செருமி முடித்ததும், கூவும். யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், "பிரதர் வீட்டு ஜன்னலில் பறவைகளும் கூடி வசனம் கேட்கின்றன" என்று மனமுருகி எழுதினார். அத்தானும் மறுக்கவில்லை.

அவருக்குப் பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. நெஞ்சுவலி வரும், தீப்பிடிக்கும், பஸ் கவிழும் என்று பகல் முழுக்க ஊரைப் பயமுறுத்தி பாலிசி எடுக்க வைப்பார். அதே வாய்தான் காலையில் பயப்படாதே என்று சொல்லும். எனக்குச் சபை, வசனம், ஜெபம் எதிலும் நாட்டம் போய் வெகுகாலம் ஆகிறது. போனதற்கு அத்தானும் ஒரு காரணம் என்று சொன்னால் அவரை அளவுக்கு மீறிக் கௌரவப்படுத்தியது போல ஆகும்.

ஒவ்வொரு தியானத்தின் கடைசியிலும் "அவர் நல்லவர்" என்று சொல்லி நிறுத்துவார். சபையில் போதகர் அப்படிச் சொன்னால் கூட்டம் ஒரே குரலில் "எப்பொழுதும்" என்று பதில் கொடுக்கும். பதிவிலும் அந்தப் பதிலுக்காக அத்தான் கொஞ்சம் இடம் விடுவார். வெறுமையாக இருக்கிறதே என்று நான் அங்கே பறவைகளைக் கூட்டி வைப்பேன்.

அந்த மாதத்துக்கு அவர் எடுத்த தலைப்பு, தீமை வந்தாலும் தேவன் நல்லவர் என்பது. முப்பது நாளைக்கு அதையே அரைத்தார். தீமை என்றால் அவருக்குத் தெரிந்தது மேலதிகாரியின் முகச்சுளிப்பும் மூலமும்தான். இருந்தாலும் வேதத்திலிருந்து சிங்கம், சூளை, புயல் என்று அள்ளிவிட்டார்.

அக்கா அட்டைப்பெட்டி செய்யும் ஒரு தொழிற்சாலையில் பஞ்சிங் மெஷினில் நின்றாள். பெரிய இரும்பு வாய் திறந்து திறந்து மூடும். திறந்திருக்கும் நேரத்தில் அட்டையை உள்ளே வைக்க வேண்டும், வெட்டினதை எடுக்க வேண்டும். கை சிக்காமல் இருக்க அதன் மேல் விளிம்பில் ஒரு தடுப்புக் கட்டை உண்டு. கை அதில் பட்டால் மெஷின் அப்படியே நின்றுவிடும். அடிக்கடி நின்றது, வேலை சுணங்கியது. முதலாளி வந்து பார்த்து, தடுப்பைக் கழற்றச் சொன்னார். கழற்றினார்கள். அவர்தான் எங்கள் சபையின் மூப்பர். ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டு ஏந்தும் கை அது.

அக்காவின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில்.

மறுநாள் விடியும்போது ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அத்தான் வராந்தா பெஞ்சில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். முதலாளி அப்போதுதான் வந்து, வாசலருகே நின்று அக்காவைப் பார்த்தார். அவர் சட்டைப் பையில் கைபேசி சத்தம் போட்டது. எடுத்து அமுக்கப் போனவர் எதையோ அமுக்கினார். குருவிகள் கத்தின. குயில் கூவியது. அத்தானின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது.

"அன்பானவர்களே, இன்று உங்கள் கைகளை விரித்துப் பாருங்கள். பத்து விரல்கள். ஒவ்வொரு விரலையும் தொட்டு நன்றி சொல்லுங்கள். சத்துரு அதில் ஒன்றைக்கூடத் தொட முடியாது."

மாத ஆரம்பத்திலேயே நான் நேரம் குறித்து வைத்தது, தானாகப் போய்விட்டது. முன்கூட்டியே பேசி வைப்பவருக்கு வரவேண்டிய வினைதான். ஆனால் வந்து விழுந்தது அவர் தலையில் இல்லையே. முதலாளி தடவித் தடவி ஒருவழியாக அதை நிறுத்தினார். குழுவில் அதற்குள் கும்பிட்ட கைகள் வரிசை கட்டின. எல்லாம் பத்து விரல் கைகள்.

அக்கா கண்ணைத் திறந்திருந்தாள். கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எட்டுக்குச் சொல்லிட்டேன்டி," என்றாள்.

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். உதடு அசைந்துகொண்டிருந்தது. நிஜமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளைப் பிடித்து உலுக்கத் தோன்றியது. காதில் பூச்சுற்றிக்கொள்வதற்கென்றே பிறந்து வந்திருக்கிறாள், புருஷன் ஒரு பக்கம் சுற்றினால் கடவுள் ஒரு பக்கம் சுற்றுகிறார் என்று நினைத்தேன்.

அத்தான் எழுந்து வந்து விஷயத்தைக் கேட்டார். கொஞ்சம் வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். மனுஷன் கண்ணை மூடி, கையை உயர்த்தி, "பாத்தியாம்மா, முன்கூட்டியே என்னைப் பேச வெச்சிருக்கார்" என்றார்.

அதன்பிறகு காலையில் வேலைக்குப் போகும் வழியில் அக்கா வீட்டுக்குப் போய்த் தலை பின்னிவிடுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. மூன்று கால் பிரித்துப் பின்ன வலது கைக்கு வரவில்லை. அத்தான் அதற்கும் ஜெபம் பண்ணினார். சீப்பைக் கையில் எடுக்கவில்லை. சபை மக்கள் வருவார்கள், போவார்கள். கர்த்தர் ஒரு நோக்கத்தோடுதான் எடுத்திருப்பார் என்பார்கள். இன்னும் பெரிய ஆபத்து வர இருந்தது, விரலோடு போனது என்பார்கள். அக்கா எல்லோருக்கும் டீ போடச் சொல்லி என்னைப் பார்ப்பாள். நான் சர்க்கரை போடாமல் கொடுப்பேன்.

பிறகு முதலாளி ஒரு பழக்கூடையோடு வந்தார். ஆப்பிளுக்கெல்லாம் ஒவ்வொன்றாக வலை மாட்டியிருந்தது. பழத்துக்கு இருக்கிற தடுப்பு மெஷினுக்கு இல்லை என்று நான் சொன்னது அடுப்பங்கரையைத் தாண்டிப் போகவில்லை.

"சிஸ்டர், தொழிலாளர் அதிகாரி ஒருத்தர் விசாரிக்க வர்றாராம்," என்றார். "தடுப்பெல்லாம் மாட்டிட்டோம், மெஷின் இப்ப பக்காவா இருக்கு. அன்னைக்கு இருந்துச்சா இல்லையாங்கிறதுதான் அவருக்குக் கேள்வி. இது நம்ம குடும்ப விஷயம். உலகத்தார் முன்னாடி கொண்டுபோய் வைக்கணுமா?"

அத்தான் "அதானே" என்றார்.

"சாட்சி ஒண்ணு சொல்லுங்களேன். பிரதரோட தியானத்துலயே வரட்டும். வேகமா வேலை முடிக்கணும்னு நீங்களே தடுப்பைத் தள்ளி வெச்சுட்டீங்க, உங்க கவனக்குறைவு, அதையும் கர்த்தர் நன்மையா மாத்தினார். சபையே கேக்கும். அதுக்கப்புறம் அதிகாரி யார்கிட்ட என்ன கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்." பிறகு அத்தான் பக்கம் திரும்பினார். "பிரதர், உங்க தியானமெல்லாம் புத்தகமா வரப்போகுதுல்ல, கெட்டி அட்டையே போட்டுரலாம். அட்டை நம்மகிட்ட இல்லாததா?"

அத்தானின் முகத்தில் அந்தப் புத்தகம் தெரிந்தது. பின்னட்டையில், கன்னத்தில் கை வைத்த போட்டோவோடு. கேட்பதற்கு ஒன்றும் பெரிதாக இல்லை. பெண்டாட்டி தன் வாயால் ஒரு பொய் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆள்காட்டி விரலே போய்விட்டது, இனி இவள் யாரைக் காட்டப்போகிறாள் என்று இரண்டு பேரும் நினைத்திருக்க வேண்டும்.

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "என் மெஷின்ல இப்ப யார் நிக்கிறாங்க?"

"புதுசா ஒரு பொண்ணு சேந்திருக்கு. நல்ல வேகம்," என்றார் முதலாளி.

அக்கா தலையசைத்தாள். "சரி, சாட்சி சொல்றேன்," என்றாள். அவர் போனதும் நான் கூடையைத் தள்ளி வைத்துவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டேன். நீ பொய் சொன்னால் அந்த ஆள் தப்பித்துக்கொள்வார், அதிகாரி படியிறங்கியதும் தடுப்பு மறுபடி கழலும், அடுத்து அந்தப் பெண்ணின் கை, இது உன் மரமண்டையில் ஏறுகிறதா என்று கேட்டேன். "எனக்குத் தெரியாதா?" என்று மட்டும் சொன்னாள். நான் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். தலை மட்டும் பின்னிவிட்டேன், வேண்டுமென்றே இழுத்து.

அதிகாரி வரவிருந்ததற்கு முந்தின நாள் மத்தியானம் இருவரும் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் நான், என் தோளுக்குப் பின்னால் அத்தான். சாட்சியை அவரே எழுதி, கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கொடுத்திருந்தார். மைக் சரியா என்று பார்க்க அவளை ஏதாவது பேசச் சொன்னேன்.

"மூக்குக்கண்ணாடியை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன்," என்றாள் அக்கா. "என் கவனக்குறைவு."

அத்தான் தலையில் அடித்துக்கொண்டார். "மனப்பாடமாச் சொல்லிடுவியா?"

"பாத்துச் சொல்றேங்க."

தாளைக் குப்புற வைத்துவிட்டுப் பேசினாள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் அட்டைப்பெட்டிக் கம்பெனியில பஞ்சிங் மெஷின்ல நிக்கிறவ. எனக்கு ரெண்டு விரல் போயிருச்சு. கர்த்தர் ஒரு நோக்கத்தோட எடுத்தார்னு நிறைய பேர் வீட்டுக்கு வந்து சொன்னீங்க. அன்பாத்தான் சொன்னீங்க. ஆனா அவர் எடுக்கலை. அவருக்கு என் விரல் எதுக்கு? மெஷின்ல ஒரு தடுப்பு இருந்துச்சு. கை பட்டா நின்னுரும். வேலை சுணங்குதுன்னு முதலாளி அதைக் கழட்டச் சொன்னார். நான் பக்கத்துல நின்னு பாத்தேன். இப்ப மாட்டியிருக்காங்களாம். அதிகாரி போனதும் திரும்பக் கழட்டுவாங்க. அங்க இப்ப வேற ஒரு பொண்ணு நிக்குது."

அத்தான் என் நாற்காலியின் முதுகைப் பிடித்து ஆட்டினார். "நிறுத்து, நிறுத்து" என்றார். நான் நிறுத்தவில்லை.

"வேதத்துல குழியில தள்ளப்பட்டு அப்புறம் அரண்மனைக்குப் போனவன் கதையை எல்லாரும் சொல்றீங்க. எங்க வீட்டுக்காரரும் அடிக்கடி சொல்வார். அவனைக் குழியில தள்ளினது கூடப்பொறந்தவங்க. கடவுள் தள்ளலை, தூக்கிவிட்டார். தள்ளினவன் பேரை மறைச்சுட்டு, தூக்கிவிட்டவர் தலையில பழியைக் கட்டறதுக்கு எனக்குப் பயமா இருக்கு. கடவுள் கெட்டது செய்யமாட்டார், செஞ்சது மனுஷன்தான்னு நம்பித்தான் நான் அந்த வலியோட படுத்திருந்தேன். அந்த ஒண்ணை எங்கிட்டேருந்து வாங்கிக்காதீங்க. அவர் நல்லவர்."

நிறுத்திவிட்டு, பதிலுக்காக இடம் விட்டாள். அவள் மூச்சு மட்டும் கேட்டது.

பிறகு எழுந்து வெளியே வந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, வெயில் தாழட்டும் என்று வாசல் நிழலில் போய் நின்றாள். அத்தான் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக அருவருப்பாக இருந்தது. தொழில் பேசுகிறவர் போல நிதானமாகச் சொன்னார்.

"இதப்பாரும்மா. முன்னாடி அந்த ஸ்தோத்திரம் இருக்கட்டும். ரெண்டு விரல் போயிருச்சுங்கிறது இருக்கட்டும். கடைசியில அவர் நல்லவர், அது அருமையா வந்திருக்கு, அதுவும் இருக்கட்டும். நடுவுல மொத்தமா எடுத்துரு. கண்ணாடியைப் பத்திச் சொன்னாள்ல, என் கவனக்குறைவுன்னு? அதை வெட்டி விரலுக்குப் பின்னாடி ஒட்டிரு. குருவி போட்டா ஒட்டு தெரியாது. உன்னால முடியும்."

முடியும். கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடுவேன். "சரி அத்தான்" என்றேன். அவர் என் தலையைத் தடவி, ஆசீர்வாதம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அவரைப் பொறுத்தவரை நானும் ஒரு மெஷின், எனக்கும் தடுப்பு கிடையாது.

அவர் மூக்கை உடைக்க வேண்டும், அதற்காகவே முழுசாக அனுப்ப வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த நினைப்பு இனிப்பாகவும் இருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆரம்பத்திலிருந்து கேட்டேன். வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. செருமல் இல்லை, ஏப்பம் இல்லை. கடைசி வார்த்தைக்குப் பிறகு அந்த இடைவெளி வந்தது. பழக்கதோஷத்தில் பறவைகளை எடுக்கக் கை போனது, பாதியில் நின்றுவிட்டது. இவ்வளவு நாளும் அவளை ஏமாளி என்று நினைத்தேனே, எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் எல்லோரிலும் ஏமாறாமல் இருந்தது அவள் ஒருத்திதான். அவளுடைய கடவுள் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் அவருக்கு எங்கள் அத்தானைவிட அக்கா நல்ல வக்கீல். பறவை போடாமல், ஒரு நொடிகூடக் குறைக்காமல், காலை ஐந்து மணிக்கு நேரம் குறித்தேன்.

மறுநாள் விடியும் முன்பே அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். அவள் அடுப்படியில் இடது கையால் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். அத்தான் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கைபேசியை அலமாரியில் சாய்த்து வைத்தேன். ஐந்து மணிக்கு அவள் குரல் வந்தது. அவள் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள். முடிந்தது.

வழக்கமாகத் தியானம் பாதி ஓடுவதற்குள் கும்பிட்ட கைகள் குவிய ஆரம்பிக்கும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. கேட்டவர்களின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. அவளைத் தனியாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டோமோ என்று பயந்தேன். முதலாளி குழுவிலிருந்து வெளியேறினார் என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு அந்த ஓய்வு பெற்ற வாத்தியார் எழுதினார், "இன்று பறவைகள் வரவில்லையே, பிரதர்?" என்று.

"அவர் பாவம்," என்றாள் அக்கா. "நாளைக்கு ஒரு குருவி போட்டு அனுப்பு அவருக்கு."

அடுத்து ஒரு குரல் பதிவு வந்தது. ஸ்பேனர் என்று எல்லோரும் கூப்பிடுகிற ஆள், அக்காவின் தொழிற்சாலை மெக்கானிக். குழுவில் அவன் அதுவரை வாயைத் திறந்ததே இல்லை. பின்னால் ஏதோ லாரி உறுமியது.

"அக்கா, அதைக் கழட்டினது நான்தான். முதலாளி நின்னு கழட்டச் சொன்னார், கழட்டினேன். போல்ட் எல்லாம் என் டப்பாலதான் கெடந்துச்சு. உங்க விரல் போனப்புறம் அன்னைக்கே நான்தான் திரும்ப மாட்டினேன். இன்னைக்கு அதிகாரிகிட்ட வந்து சொல்லிடறேன். நீங்க தனியா நிக்க வேண்டாம்." அதோடு முடிந்தது என்று நினைத்தேன். தொண்டையைச் செருமினான். "எப்பொழுதும், அக்கா."

கேலி செய்து கேலி செய்து நான் தேய்த்துப் போட்ட வார்த்தை அது. அடுப்பங்கரையில் நின்று அழுதேன்.

உள்ளே அத்தானின் கைபேசி அலற ஆரம்பித்தது. ஒரு அழைப்பு முடிவதற்குள் இன்னொன்று. வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வீங்கின கண்ணோடு வந்து வாசலில் நின்றார். "என்ன பண்ணி வெச்சிருக்கீங்க ரெண்டு பேரும்? புத்தகம் போச்சு. என் பேரு போச்சு. மணி என்ன இப்ப?"

"அஞ்சேகால்," என்றாள் அக்கா. "வந்து உக்காருங்க. அதிகாலையின் அமைதி எப்படி இருக்கும்னு இன்னைக்காவது பாருங்க."

அவர் உட்காரவில்லை. நின்றபடியே ஒவ்வொரு அழைப்பாக அமுக்கிக்கொண்டிருந்தார். அக்கா அவருக்கும் ஒரு டம்ளரில் டீயை ஊற்றி மேடையில் வைத்தாள். பிறகு சீப்பை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி முக்காலியில் உட்கார்ந்தாள்.

"அழுதது போதும், பின்னுடி. அதிகாரி கம்பெனிக்கு வந்துருவார், அந்தப் பொண்ணு ஷிப்டுக்கு வர்றதுக்கு முன்னாடி நான் அங்க இருக்கணும்," என்றாள். "இன்னைக்கு இழுக்காமப் பின்னு."